மழை, கூலி, வீடு: பேராக் தோட்டப்புறத் தமிழ்ப் பெண்களின் வாழிட வரலாறு

முன்னுரை

தட்பவெப்பநிலை மாற்றம் மக்களின் வாழிடத்தை எவ்வாறு பாதிக்கின்றது என்னும் வினா இன்று உலகெங்கும் எழுப்பப்படுகின்றது. கடல்மட்ட உயர்வால் ஊரை இழக்கும் தீவினர், வறட்சியால் விளைநிலத்தைக் கைவிடும் உழவர், புயலுக்கு அஞ்சிக் கரையைவிட்டு அகலும் மீனவர் ஆகியோரே இவ்வினாவுக்குரிய சான்றுகளாகக் காட்டப்பெறுகின்றனர். மலேசியத் தமிழரின் வரலாற்றை இவ்வரிசையில் வைத்து நோக்குவோர் மிகக் குறைவு. நம்மவர் தோட்டங்களைவிட்டு வெளியேறியது நிலம் கைமாறியதாலும் பயிர் மாறியதாலுமே என்பது அனைவரும் அறிந்த செய்தி. எனவே இடப்பெயர்வு பொருளியல் வரலாற்றுக்கு உரியது, வெள்ளமும் வெப்பமும் புவியியலுக்கு உரியன என இரண்டும் பிரித்தே ஆராயப்பட்டு வந்துள்ளன.

இப்பிரிவினை பெண்களின் வாழ்க்கையை நோக்குமிடத்துப் பொருந்தாமற் போகின்றது என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும். பேராக் மாநிலத் தோட்டங்களில் மழையும் வெயிலும் தாமாக எவரையும் வெளியேற்றியதாகக் கூற இயலாது. ஆயினும், நாட்கூலி முறையும் வேலையோடு பிணைக்கப்பட்ட குடியிருப்பும் மழையின் இழப்பையும் வெயிலின் வருத்தத்தையும் குடும்பத்தின்மீது, குறிப்பாகப் பெண்ணின்மீது, சுமத்தின. தோட்டம் மறைந்தபின் அச்சுமை வேறு வடிவில் நகர்ப்புறத்திற்குத் தொடர்ந்து வந்தது. இத்தொடர்ச்சியை ஈப்போவையும் அதனைச் சூழ்ந்த முன்னாள் ரப்பர் தோட்டங்களையும் களமாகக் கொண்டு விளக்க முற்படுகின்றோம்.

தமிழ் மரபில் இவ்வகை நோக்கு புதியதன்று. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாக வகுத்தது. மக்களின் தொழிலும் உணவும் ஒழுக்கமும் அவற்றின்மேல் அமைந்தவையாகக் கருதப்பட்டன. தோட்டப்புற வரலாற்றை எழுதியபோது நாம் நிலத்தைப் பற்றி மிகுதியும் பேசினோம். பொழுதைப் பற்றிப் பேச மறந்தோம் எனலாம்.

காடு அழிந்து தோட்டம் எழுதல்

பேராக் மாநிலம் மலாயா ரப்பர் வரலாற்றின் தொடக்க இடங்களுள் ஒன்று. 1877ஆம் ஆண்டில் அப்போதைய பிரிட்டிஷ் ஆட்சிப் பேராளர் ஹியூ லோ, கோலகங்சாரில் தம் இருப்பிடத்தின் அருகே ரப்பர் கன்றுகளை நடச்செய்தார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் விலை உயர்ந்தபோது சுங்கை சிப்புட், செம்மோர், பத்து காஜா, கோப்பேங் முதலிய பகுதிகளில் காடுகள் விரைந்து அழிக்கப்பட்டன. அவ்வேலைக்கும் பின்னர் பால்மரம் வெட்டுவதற்கும் தமிழகத்திலிருந்து தொழிலாளர் கொணரப்பட்டனர். மலாயாவில் ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் ஒழிக்கப்பட்டது. கங்காணி முறை 1938 வரை நீடித்தது.

காடு அழிந்தது நிலத்தின் தட்பவெப்பத்தையும் நோயின் போக்கையும் ஒருங்கே மாற்றியது. மருத்துவர் மால்கம் வாட்சன் 1901 முதல் கிள்ளானிலும் பின்னர்த் தோட்டங்களிலும் மலேரியாவை ஆராய்ந்தவர். அவருடைய ஆய்வுகள் இம்மாற்றத்தைத் தெளிவுபடுத்தின. மலைச்சாரலில் மரநிழல் நீங்கி வெயில் படும் தெளிந்த நீரோடைகள், அனோபிலிஸ் மக்குலேட்டஸ் என்னும் கொசுவினம் பெருகுவதற்கு ஏற்ற இடங்களாயின. தாழ்நிலத்துச் சதுப்புக்கு ஏற்ற வடிகால் முறை மலைப்பாங்கான நிலத்திற்கு உதவவில்லை. கிந்தா, கோலகங்சார் வட்டாரங்களின் தோட்டங்கள் பல இத்தகைய மலையடிவாரங்களிலேயே அமைந்திருந்தன.

மலேரியா கருவுற்ற பெண்களை மிகுதியும் தாக்கும் இயல்புடையது. குருதிச்சோகை, கருச்சிதைவு, எடை குறைந்த பிறப்பு ஆகியவை அதனோடு தொடர்புடையன என்பது மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட உண்மை. தோட்ட வரலாற்று நூல்களில் தொழிலாளர் இறப்பு விகிதம் பேசப்படுகின்றது. பிறவாத குழந்தைகளையும் குருதி வற்றிய தாய்மாரையும் அவ்வெண்ணிக்கை காட்டுவதில்லை. நிலமாற்றம் பெண்களின் உடலில் பதிந்த முதற்கட்டமாக இதனைக் கொள்ளலாம்.

மழைநாளும் நாட்கூலியும்

பால்மரத் தொழில் பொழுதைச் சார்ந்த தொழில். விடியற்காலையில் மரத்தின் உள்ளழுத்தம் மிகுந்திருப்பதால் பால் நன்கு வடியும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறையும். எனவேதான் பெரட்டு இருளிலேயே கூடியது. பெண்கள் அதற்கும் முன்னதாக எழுந்து சமைத்துவிட்டுக் குழந்தைகளை ஆயாக்கொட்டகையில் ஒப்படைத்துச் சென்றனர். முதல்நாள் இரவு மழை பெய்து பட்டை நனைந்திருந்தால் வெட்ட இயலாது. வெட்டியபின் மழை வந்தால் மங்கில் சேர்ந்த பால் நீரோடு கலந்து பாழாகும். அத்தகைய நாளுக்குக் கூலி இல்லை. அல்லது பகுதிக்கூலியே கிடைத்தது.

ஈப்போ வட்டாரத்தின் மழைப்போக்கு இங்கு நினைவுகூரத்தக்கது. கிழக்குக் கரையைப் போலன்றி, இப்பகுதியில் பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட காலங்களில், அதாவது ஏப்ரலை ஒட்டியும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மழை மிகுகின்றது. மாலையிலும் முன்னிரவிலும் இடியுடன் கொட்டும் மழையே பெரும்பான்மை. ஆண்டின் கடைசி மாதங்களில் வெட்டு நாட்கள் குறைந்தபோது தீபாவளி வந்தது. அடுத்துப் பள்ளி திறக்கும் ஜனவரி வந்தது. பிப்ரவரி முதல் இலையுதிர்வு தொடங்கிப் பால் குறைந்தது. ஆக, செலவு மிகும் மாதங்களே வரவு குன்றும் மாதங்களாகவும் இருந்தன.

இந்த இடைவெளியை நிரப்பியவர்கள் பெண்கள். தோட்டத்துக் கடையில் கடன் சொல்வதும், கூட்டுப் பிடிப்பதும், தாலியில் கோத்த பொன்னை அடகுவைப்பதும், லயத்தின் பின்புறத்தில் மரவள்ளியும் கீரையும் பயிரிடுவதும், கோழியும் ஆடும் வளர்ப்பதும் அவர்கள் பொறுப்பாயின. இன்று எழுபது வயதைக் கடந்துவிட்ட முன்னாள் பால்மரத் தொழிலாளர்களான பாட்டிமாரோடு உரையாடுவோர், மழையைப் பற்றிக் கேட்டால் கடனைப் பற்றிய விடையைப் பெறுவர்.

கூலியிலும் வேறுபாடு இருந்தது. 1920களின் பிற்பகுதியில் நிர்ணயிக்கப்பட்ட நிலைக்கூலி, ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசுமாக இருந்தது. உலகப் பொருளாதார மந்தத்தின்போது அது குறைக்கப்பட்டது. இந்திய அரசின் சார்பில் மலாயாவுக்கு வந்து தொழிலாளர் நிலையை ஆராய்ந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரி 1937இல் வெளியான தம் அறிக்கையில் முன்னைய விகிதத்தை மீட்கவே பரிந்துரைத்தார். ஒரே மழையில் இருவரும் வேலையிழந்தனர். ஆனால், இழப்பைத் தாங்குவதற்குப் பெண்ணின் கையில் முன்பே குறைவான பொருளே இருந்தது.

மாதச்சம்பளம் வேண்டும் என்பது தோட்டத் தொழிலாளரின் நெடுங்காலக் கோரிக்கையாக விளங்கியதன் காரணத்தையும் இப்பின்னணியில் உணரலாம். மழையின் இழப்பை யார் ஏற்பது, நிறுவனமா குடும்பமா என்னும் வினாவே அக்கோரிக்கையின் உள்ளீடு. தீபகற்ப மலேசியாவில் மாதம் 900 ரிங்கிட் என்னும் குறைந்தபட்சச் சம்பளம் நடைமுறைக்கு வந்த 2013ஆம் ஆண்டுக்குள் தமிழ்க் குடும்பங்களுள் பெரும்பாலானவை தோட்டங்களைவிட்டு வெளியேறிவிட்டன.

வேலையோடு பிணைந்த வீடு

தோட்டத்து வீடு தொழிலாளிக்கு உரிமையானதன்று. வேலையுள்ள வரையில் குடியிருக்கலாம். வேலை நீங்கினால் வீடும் நீங்கும். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தொகுப்பு பள்ளிக்கூடம், குழந்தைக் காப்பகம், மகப்பேற்று உதவி ஆகியவற்றைத் தோட்ட நிர்வாகத்தின் கடமைகளாக்கியது. இவை பெண்களின் நலவாழ்வுக்கு இன்றியமையாதவை என்பதில் ஐயமில்லை. எனினும், இவையனைத்தும் தோட்டத்தின் எல்லைக்குள் மட்டுமே செல்லுபடியாகும் உரிமைகளாக இருந்தமையைக் கருதவேண்டும். எல்லையைக் கடந்த பெண்ணுக்கு அவற்றுள் எதுவும் உடன்வரவில்லை.

இயற்கைப் பேரிடர்களின்போது இந்நிலை வெளிப்பட்டது. 1926ஆம் ஆண்டின் இறுதியில் தீபகற்பம் முழுவதையும் தாக்கிய பெருவெள்ளம், பேராக் ஆற்றுப் பள்ளத்தாக்கையும் விட்டுவைக்கவில்லை. 1967ஆம் ஆண்டுத் தொடக்கத்திலும் பேராக் மாநிலம் பெருவெள்ளத்தைக் கண்டது. கிந்தா ஆற்றைப் பொறுத்தவரை, ஈயச் சுரங்கங்களிலிருந்து அடித்துவரப்பட்ட மணல் படுகையை உயர்த்தி வெள்ள அபாயத்தை மிகுவித்தது. வெள்ளம் வந்தபோது தோட்டத் தொழிலாளி எங்குத் தங்குவது, எப்போது திரும்புவது என்பதை நிர்வாகமே முடிவு செய்தது. தன் வீட்டை மேட்டுநிலத்தில் கட்டிக்கொள்ளும் வாய்ப்பு அவளுக்கு இருந்ததில்லை.

அவசரகாலமும் இதே உண்மையை வேறொரு வகையில் காட்டிற்று. 1948 ஜூன் 16இல் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எல்பில் தோட்டத்திலும் அதன் அண்மையிலும் ஐரோப்பிய நிர்வாகிகள் மூவர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1950இல் வகுக்கப்பட்ட பிரிக்ஸ் திட்டத்தின்கீழ், சிதறிக்கிடந்த லயங்கள் ஒரே இடத்தில் சேர்க்கப்பட்டு முள்வேலியிடப்பட்டன. ஊரடங்கு நிலவிய இடங்களில் பொழுது புலர்ந்த பின்னரே வாயில் திறந்தது. அதனால் வெட்டு தாமதித்தது. வெயிலில் நிற்கும் நேரம் நீண்டது. உணவுக் கட்டுப்பாடு நடப்பிலிருந்த பகுதிகளில் வேலைக்காட்டுக்குச் சோறு கொண்டுசெல்லவும் தடை இருந்தது. இவற்றால் விளைந்த பசியும் களைப்பும் போர் வரலாற்றில் இடம்பெறாதவை.

1950களில் ஐரோப்பியர் பலர் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்கத் தொடங்கியபோது, வீட்டுரிமையின்மை எத்துணைப் பெரிய குறை என்பது வெளிப்படையாயிற்று. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளரிடம் சிறுசிறு தொகையாகப் பங்குப்பணம் திரட்டித் தோட்டங்களையே வாங்கும் அம்முயற்சி, தொழிலாளி தான் உழைக்கும் நிலத்தில் பங்குடையவனாக வேண்டும் என்னும் கருத்தின் செயல்வடிவமாகும். ஆயினும், துண்டாடல் முழுவதையும் ஒரு கூட்டுறவு தடுத்து நிறுத்த இயலவில்லை.

பயிர்மாற்றமும் வெளியேற்றமும்

1960இல் ஏறத்தாழ 55 ஆயிரம் ஹெக்டேராக இருந்த மலேசியச் செம்பனைப் பரப்பு 1990இல் 20 இலட்சம் ஹெக்டேரைக் கடந்தது. இம்மாற்றத்தில் ரப்பர் மரங்கள் பெருமளவில் வீழ்த்தப்பட்டன. செம்பனைக்கு ஒப்புநோக்கில் குறைந்த ஆட்களே தேவை. குலை வெட்டும் வேலை ஆண்களிடமும், பின்னர் அயல்நாட்டுத் தொழிலாளரிடமும் சென்றது. பால்மரம் வெட்டுவதில் தேர்ந்த பெண்களுக்குக் களைக்கொல்லி தெளித்தலும் உரமிடுதலும் உதிர்ந்த பழங்களைப் பொறுக்குதலுமே எஞ்சின.

மருந்தடிக்கும் பெண்களின் உடல்நிலையை 2002இல் தெனாகானித்தா அமைப்பு தன் ஆய்வின்வழி வெளிக்கொணர்ந்தது. பராகுவாட் என்னும் களைக்கொல்லி அவ்விவாதத்தின் மையமாயிற்று. அதற்கான முழுத்தடை 2020ஆம் ஆண்டுத் தொடக்கத்திலேயே நடைமுறைக்கு வந்தது. வெயிலில் முகக்கவசமும் கையுறையும் நீண்ட அங்கியும் அணிந்து முதுகில் மருந்துத் தொட்டியைச் சுமப்பது எளிதன்று. வெப்பம் மிகும்போது காப்புடைகளைக் கழற்றிவிடும் நிலை ஏற்படுகின்றது. அப்போது நஞ்சு உடலிற் புகும் வழி அகலமாகின்றது. வெப்பமும் தொழில்நோயும் ஒன்றையொன்று வளர்ப்பதை இங்கே காண்கின்றோம்.

1980 முதல் இருபதாண்டுகளில் தோட்டங்களிலிருந்து வெளியேறிய இந்தியர் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் என்னும் மதிப்பீடு மலேசிய இந்தியர் பற்றிய ஆய்வுகளில் பரவலாக எடுத்தாளப்படுகின்றது. பேராக்கில் அவர்களுள் ஒரு பகுதியினர் ஈப்போவின் புந்தோங்கிற்கும் சுற்றியுள்ள புறம்போக்குக் குடியிருப்புகளுக்கும் மலிவுவிலை வீடுகளுக்கும் வந்தனர். எல்பில், டோவன்பி, செம்மோர், கிந்தா கெல்லாஸ் எனத் தோட்டப் பெயர்களைத் தாங்கிய தமிழ்ப்பள்ளிகள் அந்த வாழிட வரலாற்றின் சான்றாக இன்றும் உள்ளன.

நகரத்து வெள்ளமும் வெப்பமும்

தோட்டத்தை இழந்த குடும்பம் நகரத்தில் எந்நிலத்தைப் பெற்றது என்பது அடுத்த வினா. பொருள் இல்லாதவர்க்கு எட்டக்கூடிய இடங்கள் பொதுவாகப் பிறர் விரும்பாத இடங்களே: ஆற்றங்கரை, ஈயக்குட்டையின் ஓரம், தொடர்வண்டிப் பாதையின் அருகு. ஈப்போ, மலைகளுக்கிடையே அமைந்த பள்ளத்தாக்கு நகரம். கிந்தா ஆறும் பாரி ஆறும் அதனூடே ஓடுகின்றன. சரிவுகளில் காடு குறைந்து நகரில் தார்ப்பரப்பு கூடும்போது ஒருமணி நேர மழையும் திடீர் வெள்ளமாகின்றது.

பன்னாட்டு அரசுகளின் தட்பவெப்பநிலைக் குழு 2021இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2011-2020 காலப்பகுதியில் புவியின் சராசரி வெப்பம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைவிட ஏறத்தாழ 1.1 பாகை செல்சியஸ் உயர்ந்திருந்தது. வெப்பம் ஒரு பாகை உயர்ந்தால் காற்று ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதலான நீராவியைத் தாங்கும். ஏற்கெனவே குறுகிய நேரத்தில் கொட்டும் மழையைக் கொண்ட ஈப்போ போன்ற இடங்களுக்கு இதன் பொருள் தெளிவானது. 2014ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தில் நாடு முழுவதும் இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் இடம்பெயர்ந்தனர். கோலகங்சார் உள்ளிட்ட பேராக் ஆற்றங்கரைப் பகுதிகளும் பாதிக்கப்பட்டன.

துயர்துடைப்பு மையங்களில் பெண்களின் இடர் தனித்தன்மை உடையது. மாதவிடாய்க் காலத் தூய்மை, பாலூட்டும் தாய்க்கு மறைவிடம், முதியோரையும் நோயாளரையும் பேணுதல் ஆகியவை முன்னிற்கின்றன. வெள்ளம் வடிந்தபின் சேற்றை அள்ளி வீட்டைத் துலக்குவதும் பெரும்பாலும் பெண்களின் வேலையே. 1991இல் வங்காளதேசத்தைத் தாக்கிய பெரும்புயலில் இறந்தோருள் பெண்களே மிகுதி என்பது உலகறிந்தது. பேராக்கின் வெள்ளங்களில் உயிரிழப்பு அந்த அளவினதன்று. ஆயினும் பெண்ணின் நேரமும் உடல்நலமும் சேமிப்பும் கரைவது இரண்டிற்கும் பொதுவானது.

வெப்பம் வெள்ளத்தைப்போல் செய்தியாவதில்லை. 1998 ஏப்ரல் 9இல் பெர்லிஸ் மாநிலத்துச் சுப்பிங்கில் 40.1 பாகை செல்சியஸ் பதிவானது. எல் நினோ ஆண்டுகளில் வடமாநிலங்கள் கடும் வெப்பத்தைக் காண்கின்றன. ரப்பர் காட்டின் நிழலில் வளர்ந்த பெண் இன்று நான்காம் மாடியின் கற்காரைச் சுவர்களுக்குள் முதுமையைக் கழிக்கின்றாள். புந்தோங்கில் கச்சாங் பூத்தே எனப்படும் கடலை வகைகளையும் முறுக்கையும் பொரித்துக் கட்டும் குடிசைத்தொழில் பெயர் பெற்றது. எண்ணெய்க் கொப்பரையின் முன் நிற்பவர்க்கு வெளியே வெப்பம் ஏறினால் உள்ளே ஓய்வில்லை. 2003ஆம் ஆண்டு ஐரோப்பிய வெப்ப அலையில் முதிய பெண்களே மிகுதியாக இறந்தனர் என்பதை இங்கு எண்ணிப் பார்த்தல் தகும்.

ஒரு மறுப்பும் விளக்கமும்

இவ்வாறு கூறும்போது, தோட்ட வாழ்க்கையே நல்வாழ்க்கை என்று நாம் போற்றுவதாகச் சிலர் கருதக்கூடும். லயத்தின் தகரக்கூரை பகலில் கொதித்ததும் மழையில் ஒழுகியதும் மறைக்கத்தக்கவை அல்ல. கள்ளுக்கடையும் வறுமையும் பெண்களை வருத்தியதும் உண்மை. நகரம் பெண்களின் பிள்ளைகளுக்குக் கல்வியையும் வேறு தொழிலையும் தந்தது. தோட்டத்திற்குத் திரும்புதல் எவருடைய விருப்பமுமன்று.

நாம் சுட்டுவது வேறு. தோட்டத்தில் மழையின் இழப்பைத் தாங்க உதவிய பின்தோட்டம், ஆயாக்கொட்டகை, அண்டைவீட்டார் உறவு, கடன் தரும் கடை ஆகியவை கூலியில் சேராத பொருள்கள். வெளியேற்றத்தின்போது இழப்பீடு கணக்கிட்டவர்கள் வேலையாண்டுகளை எண்ணினர், இவற்றை எண்ணவில்லை. இவற்றை உருவாக்கிப் பேணியவர்கள் பெண்கள் ஆதலால் கணக்கில் வராமற்போன இழப்பும் பெரும்பாலும் பெண்களுடையதே.

இன்னொன்றும் கருதத்தக்கது. அண்மைய ஆண்டுகளில் மழைக்காலத்தில் வெட்டு நின்றுபோகும் சிறுதோட்டத்தார்க்கு அரசு மழைக்கால உதவித்தொகை வழங்கி வருகின்றது. மழையால் வரும் வருமான இழப்பு பொதுப்பொறுப்புக்கு உரியது என்னும் கொள்கையை இது ஏற்கின்றது. இந்தியாவில் சேவா என்னும் மகளிர் தொழிலாளர் அமைப்பு, கடும் வெப்ப நாட்களின் கூலியிழப்பை ஈடுசெய்யும் காப்பீட்டை 2023இல் குஜராத்தில் தொடங்கியது. நம் பாட்டிமார் மழைநாட்களில் கூட்டுப் பிடித்தும் நகை அடகுவைத்தும் செய்ததை, இத்திட்டங்கள் நிறுவனத்தின் கடமையாக ஆக்க முயல்கின்றன.

முடிவுரை

1951ஆம் ஆண்டு ஏதிலியர் உடன்படிக்கை இனம், சமயம், தேசியம், சமூகக்குழு, அரசியல் கருத்து ஆகியவற்றால் துன்புறுத்தலுக்கு அஞ்சி நாட்டைவிட்டு வெளியேறுவோரையே ஏதிலியராகக் கொள்கின்றது. தட்பவெப்பத்தால் பெயர்ந்தவர் அதில் அடங்கார். ஒரே மாநிலத்துக்குள் தோட்டத்திலிருந்து ஆற்றங்கரைக்குப் பெயர்ந்த பெண் எந்த வரையறையிலும் அடங்குவதில்லை. அவள் பொருளியல் காரணத்தால் தோட்டத்தைவிட்டாள். அதே காரணத்தால் வெள்ளம் வரும் இடத்தில் குடியேறினாள். வெள்ளம் அவளைத் தேடி வரவில்லை. வெள்ளத்தின் வழியில் அவள் வைக்கப்பட்டாள் என்பதே வரலாறு காட்டும் உண்மை.

இதனை ஏற்பின், நம் துறைக்குச் சில பணிகள் காத்துள்ளன. தோட்ட வரலாற்றை எழுதுவோர் சம்பளப் பதிவேடுகளோடு மழைப்பதிவுகளையும் இணைத்து வாசிக்க வேண்டும். வெட்டு நின்ற நாட்களும் கடன் கூடிய மாதங்களும் அப்போது ஒருங்கே தெரியவரும். தோட்டப் பெயர் தாங்கிய பள்ளிகளின் தமிழாசிரியர்கள் தம் மாணவர்களைக் கொண்டு பாட்டிமாரின் நினைவுகளைப் பதிவு செய்யலாம். எங்குக் குடியிருந்தீர்கள் என்று கேட்பதோடு, மழை பெய்த நாளில் என்ன சமைத்தீர்கள் என்றும் கேட்க வேண்டும். ரப்பர் மரங்கள் நின்ற காலத்தில் பெரட்டில் நின்ற கடைசித் தலைமுறைப் பெண்கள் இன்று முதுமையின் எல்லையில் உள்ளனர். அவர்கள் சொல்லாமற் போனால் அதனைச் சொல்லும் ஆவணம் வேறில்லை.